எலும்புக்குச் சாரம் கட்டுதல்: ஜெலட்டின்–சிலிக்கா உயிர்வினை ஹைப்ரிட் உருவாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாரம் கட்டுவார்கள். ஆள் ஏறி நின்று வேலை செய்யும்வரை அது தாங்க வேண்டும். சுவர் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவிடுவார்கள். எலும்பில் விழுந்த குழிக்குள் வைக்கும் பொருளுக்கும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், அதை அவிழ்க்க யாரும் வரமாட்டார்கள். புது எலும்பு வளர வளர அது தானாகக் கரைந்து இடம் விட வேண்டும். சீக்கிரம் கரைந்தால் குழி குழியாகவே நிற்கும். கரையாமல் கிடந்தால் எலும்புக்குள் ஒரு அந்நியப் பொருள் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும்.

உயிர்வினை ஹைப்ரிட் என்று நாங்கள் சொல்வது இப்படிப்பட்ட ஒரு சாரத்தை. அதன் ஒரு பாதி கண்ணாடி போன்ற கனிமம், மறு பாதி புரதம் அல்லது பாலிமர். இரண்டும் மூலக்கூறு அளவில் கைகோத்திருக்கும். பல வகை ஹைப்ரிட்கள் உண்டு. இங்கே ஒன்றை மட்டும் எடுத்து அடி முதல் நுனி வரை போகிறேன்: ஜெலட்டினும் சிலிக்காவும் சேர்ந்த ஹைப்ரிட். முதுகலை, முனைவர் பட்ட அளவில் ஆய்வுக்கூடத்தில் இதைத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வழி நெடுக இரண்டு கேள்விகளைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் உண்மையிலேயே இணைந்தனவா? இரண்டும் ஒன்றாகக் கரைகின்றனவா?

கதை எங்கே தொடங்கியது

1967-இல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டுக்குப் போகும் பேருந்தில், கண்ணாடி ஆராய்ச்சியாளர் லாரி ஹென்ச் அருகே ஒரு ராணுவ கர்னல் அமர்ந்திருந்தார். வியட்நாமிலிருந்து திரும்பியவர். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்களைப் பற்றி ஹென்ச் பேசிக்கொண்டு வர, மனித உடலைத் தாங்கும் பொருளை உங்களால் செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். கை கால் இழந்த வீரர்களைப் பார்த்துவிட்டு வந்தவரின் கேள்வி அது. 1969-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹென்ச் குழு 45எஸ்5 என்ற கண்ணாடியை உருக்கியது. எடைக் கணக்கில் 45% சிலிக்கா, 24.5% சோடியம் ஆக்சைடு, 24.5% கால்சியம் ஆக்சைடு, 6% பாஸ்பரஸ் பென்டாக்சைடு. எலியின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தபோது, எலும்பைவிட்டு அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. செயற்கைப் பொருள் ஒன்று எலும்போடு ஒட்டிக்கொண்டது அதுதான் முதல் முறை. பயோகிளாஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதிலிருந்து செய்த நடுக்காது எலும்பு மாற்று 1985-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது.

பிறகு ஹைப்ரிட் எதற்கு? கண்ணாடி உடையும் என்பதால்தான். இயற்கை எலும்பைப் பாருங்கள்: எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம், மீதி பெரும்பாலும் கொலாஜனும் நீரும். கனிமம் விறைப்பைத் தருகிறது, கொலாஜன் வளைந்துகொடுக்கிறது. அந்தக் கூட்டணியை நகல் எடுப்பதே நம் நோக்கம்.

கண்ணாடித் தூளைப் பாலிமரில் கலந்தால் ஆகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது காம்போசிட். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பாலிமர் கண்ணாடித் துகளை மூடிக்கொள்வதால் செல்லுக்குக் கண்ணாடி தெரிவதே இல்லை. இரண்டும் வேறு வேறு வேகத்தில் கரைவதால், பாலிமர் போனதும் துகள்கள் மணல்போல உதிர்ந்துவிடும். ஹைப்ரிட்டில் கலப்பு நானோமீட்டர் அளவில் நடப்பதால் செல் அதை ஒரே பொருளாகக் காண்கிறது. ஹைப்ரிட்களிலும் இரண்டு வகுப்பு உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுவற்ற ஈர்ப்பால் மட்டும் சேர்ந்திருப்பது முதல் வகுப்பு. சகப்பிணைப்பால் கட்டுண்டது இரண்டாம் வகுப்பு. உடலின் ஈரத்தில் முதல் வகுப்பு சீக்கிரம் பிரிந்துவிடும். நமக்கு வேண்டியது இரண்டாம் வகுப்பு.

முதல் படி: அறுவை மருத்துவரிடம் போங்கள்

பீக்கரைத் தொடுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். நம் ஊர் ஆய்வுகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற படியும் இதுவே. "எலும்புச் சீரமைப்புக்கு" என்று எழுதினால் போதாது. எந்த எலும்பு, எவ்வளவு பெரிய குழி, எடை தாங்குமா, எத்தனை வாரத்தில் ஆற வேண்டும்? இவற்றுக்கு விடை இருந்தால்தான் மற்ற எண்களை நிர்ணயிக்க முடியும்.

முதல் முயற்சிக்கு எடை தாங்காத இடம் ஒன்றை எடுங்கள். பல் பிடுங்கிய தாடைக் குழி நல்ல உதாரணம். இன்று பெரிய குழிகளுக்கு இடுப்பெலும்பிலிருந்து வெட்டியெடுத்து வைக்கிறார்கள். நோயாளிக்கு இரண்டாவது காயம், இரண்டாவது வலி. நாம் தவிர்க்க நினைப்பது அதைத்தான்.

மருத்துவரிடம் சில எளிய கேள்விகளைக் கேளுங்கள். கத்தரியால் வெட்ட முடிய வேண்டுமா? ரத்தத்தில் நனைந்ததும் விரலால் அழுத்திக் குழிக்குள் திணிப்பீர்களா? அப்போது நொறுங்கினால் என்ன ஆகும்? இந்த விடைகளை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்தச் சோதனையைச் செய்வது, எதை விடுவது என்று தடுமாறும்போது அந்த ஒரு பக்கம் கைகொடுக்கும்.

எண்களாக மாற்றினால் இப்படி வரும். ஒன்றோடொன்று திறந்த நுண்துளைகள் வேண்டும்; அவற்றுக்கிடையே உள்ள வாசல்கள் குறைந்தது 100 மைக்ரோமீட்டர் இருந்தால்தான் ரத்தக்குழாய் உள்ளே நுழையும். பஞ்சு எலும்பின் அமுக்க வலிமை சுமார் 2 முதல் 12 மெகாபாஸ்கல். அதன் கீழ் எல்லையை எட்டினால் தொடக்கத்துக்குப் போதும். கெட்டி எலும்பின் 100 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட வலிமையைத் துளையுள்ள ஹைப்ரிட்டிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: மூலப்பொருள்

*ஜெலட்டின்.* கொலாஜனைப் பிரித்தால் கிடைப்பது. அமில முறையில் எடுத்தது ஏ வகை, கார முறையில் எடுத்தது பி வகை. மாடு, பன்றி, மீன் என்று மூலம் வேறுபடும். எந்த விலங்கு, எந்த நாடு, எந்தத் தொகுதி எண் என்பதை முதல் நாளே குறியுங்கள். விலங்குத் திசு சார்ந்த மருத்துவச் சாதனங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 22442 தரநிலை தனியே இருக்கிறது. மாட்டு மூலம் என்றால் பைத்தியப் பசு நோயை உண்டாக்கும் பிரையான் புரதம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். நோயாளியின் மத நம்பிக்கையும் இதில் அடங்கும். உடலுக்குள் போகப்போவது எந்த விலங்கின் புரதம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோல் பதனிடுவதில் தொடங்கி, அதே தோலின் கொலாஜனை மருத்துவப் பொருளாக்கும் ஆய்வுகளையும் நீண்ட காலமாகச் செய்துவருகிறது. கொலாஜனைப் புரிந்துகொள்ள அதைவிட அருகில் வேறு இடம் நமக்கில்லை.

*சிலிக்காவின் மூலம்.* டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், எல்லோரும் டி.இ.ஓ.எஸ். என்பார்கள். மோலார் எடை 208.3, சிலிக்காவுடையது 60.1. ஆகவே 1 கிராம் சிலிக்கா வேண்டுமானால் 3.47 கிராம் டி.இ.ஓ.எஸ். எடுக்க வேண்டும்.

*இணைப்பான்.* ஜி.பி.டி.எம்.எஸ். என்ற சிலேன், அதாவது ஒரு சிலிக்கான் சேர்மம். இதன் ஒரு முனையில் எப்பாக்சி வளையம், மறுமுனையில் மூன்று மெத்தாக்சி சிலேன் கைகள். எப்பாக்சி ஜெலட்டினின் கார்பாக்சில் தொகுதியைப் பிடிக்கும்; சிலேன் கைகள் சிலிக்கா வலையோடு சேரும். கல்யாணத்தில் இரு வீட்டாருக்கும் பொதுவான உறவினர் போல, இவர் இல்லாமல் பேச்சு நடக்காது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜூலியன் ஜோன்ஸ் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இணைப்பானின் அளவையும் சிலிக்காவின் அளவையும் மாற்றியே கரையும் வேகத்தையும் வலிமையையும் விருப்பப்படி அமைக்கலாம் என்று காட்டினார்கள். இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு அந்தக் கருத்துதான்.

*கால்சியம்.* இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நான் வழுக்கி விழுந்த இடம் இது. திரவக் கலவையை ஜெல்லாக்கிச் செய்யும் வழக்கமான சால்-ஜெல் கண்ணாடியில் கால்சியம் நைட்ரேட்டைப் போடுவார்கள். பிறகு உலையில் சூடாக்கும்போது, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கால்சியம் சிலிக்கா வலைக்குள் நுழையும். நைட்ரேட்டும் எரிந்து போகும். ஹைப்ரிட்டை அப்படிச் சூடாக்க முடியாது, ஜெலட்டின் கருகிவிடும். நானும் நைட்ரேட்டைத்தான் போட்டேன். பொருள் அழகாக வந்தது. செல்களோடு வைத்த மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. வலைக்குள் போகாத கால்சியமும் நைட்ரேட்டும் உப்பாகத் தங்கியிருந்து, ஈரம் பட்டதும் மொத்தமாக வெளியே கொட்டியிருக்கின்றன. கால்சியம் குளோரைடு போட்டாலும் இதே கதிதான்.

அறை வெப்பத்திலேயே கால்சியத்தை வலைக்குள் சேர்க்கும் வழி கால்சியம் மெத்தாக்சிஎத்தாக்சைடு. ஆனால் அது ஈரத்தைப் பார்த்தாலே வினைபுரியும், கலவையைச் சட்டென்று ஜெல்லாக்கிவிடும், அதோடு வரும் மெத்தாக்சிஎத்தனால் இனப்பெருக்க நச்சு. ஒரு துளியும் மிச்சமில்லாமல் அகற்ற வேண்டும். அதனால் என் யோசனை இது: முதல் ஆறு மாதம் கால்சியமே இல்லாமல் ஜெலட்டின்–சிலிக்காவை மட்டும் செய்து பழகுங்கள். இணைப்பு உறுதி என்று நிரூபித்த பிறகு கால்சியத்தைக் கொண்டுவாருங்கள். ஸ்ட்ரான்சியம், தாமிரம், வெள்ளி, மருந்து என்று ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் போடும் ஆசை வரும். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று அப்புறம் பிரிக்க முடியாது. மருந்து சேர்ந்த நொடியில் ஒப்புதலுக்கான பாதையும் மாறிவிடும்.

மூன்றாம் படி: செய்முறை

ஒரு சிறு தொகுதிக்குக் கணக்குப் போடுவோம். 2 கிராம் ஜெலட்டின், 2 கிராம் சிலிக்கா.

முதல் பாத்திரத்தில் ஜெலட்டினை 20 மி.லி. தூய நீரில் ஊறவிட்டு, 40 டிகிரியில் மெல்லக் கிளறிக் கரையுங்கள். நுரை எழும்பக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் சங்கிலிகள் அறுந்து, பொருள் பின்னால் வலுவிழக்கும். தெளிந்ததும் சற்றே அமிலத்தன்மைக்குக் கொண்டுவாருங்கள். ஜெலட்டினின் வகையைப் பொறுத்து, ஒரு கிராமில் ஏறத்தாழ 1 மில்லிமோல் கார்பாக்சில் இருக்கும். 2 கிராமுக்கு 2 மில்லிமோல். இணைப்பானின் மோலார் எடை 236.3, ஆகவே 0.5 கிராம் போட்டால் ஒன்றுக்கு ஒன்று. சொட்டுச் சொட்டாக விட்டுச் சில மணி நேரம் கிளறுங்கள்.

இங்கே ஒரு போட்டி நடக்கிறது. எப்பாக்சி வளையத்தை ஜெலட்டினும் திறக்கலாம், நீரும் திறக்கலாம். நீர் திறந்தால் அது டையால் ஆகிவிடும். பிறகு புரதத்தைப் பிடிக்காது. நீர்தான் கடலளவு இருக்கிறது, ஆகவே பெரும்பங்கு இணைப்பான் வீணாகும் என்று எதிர்பார்த்தே கணக்குப் போடுங்கள். மும்மடங்கு, ஆறு மடங்கு என்று இணைப்பானைக் கூட்டி ஒரு தொடரையே செய்து ஒப்பிடுவது நல்லது.

இரண்டாவது பாத்திரத்தில் 6.93 கிராம் டி.இ.ஓ.எஸ். எடுங்கள், கன அளவில் சுமார் 7.4 மி.லி. ஒரு மோலுக்கு 4 மோல் நீர் என்ற கணக்கில் 2.4 மி.லி. நீர், அதோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிறிது. முதலில் எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காக நிற்கும். விடாமல் கிளறுங்கள். நீராற்பகுப்பு நடக்க நடக்க பாத்திரம் வெதுவெதுப்பாகி, கலங்கல் தெளிந்து ஒரே திரவமாகும். இந்தத் தெளிவைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை. பி.எச். 2 அருகில் சிலிக்கா வலை பின்னும் வேகம் மிகக் குறைவு, அதனால் இந்தத் திரவம் பொறுமையாகக் காத்திருக்கும். அமிலம் குறைந்த ஜெலட்டினோடு கலந்ததும் பி.எச். ஏறும், கடிகாரம் ஓடத் தொடங்கும்.

இரண்டையும் 40 டிகிரியில் கலந்து கிளறுங்கள். கலவை தெளிவாக இருக்க வேண்டும். பால்போல வெளுத்தால் இரண்டும் பிரிந்துவிட்டன என்று பொருள். அந்தத் தொகுதியைக் கொட்டிவிட்டு, எந்த இடத்தில் வெளுத்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

அடுத்து பலரும் கவனிக்காத ஒன்று. 6.93 கிராம் டி.இ.ஓ.எஸ். முழுவதும் வினைபுரிந்தால் 6 கிராமுக்கு மேல் எத்தனால் வெளிவரும். இணைப்பானிலிருந்து மெத்தனாலும் சேரும். இவை உறையாது. அப்படியே உறைய வைத்து உலர்த்தும் கருவிக்குள் வைத்தால் பொருள் அமுங்கிச் சப்பையாகிவிடும். எனவே ஃபியூம் ஹுட்டில் திறந்து வைத்துக் கிளறி, ஆல்கஹால் போகும்வரை காத்திருங்கள். பாத்திரத்தை எடை போட்டுக்கொண்டே இருந்தால் எவ்வளவு போயிற்று என்று தெரியும்.

கலவை தேன் பதத்துக்கு வரும்போது அச்சில் ஊற்றி உறைய வையுங்கள். அதற்கு முன்னால் ஊற்றினால் பனிப்படிகம் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிப் பொருளை அடுக்கடுக்காகப் பிரிக்கும். முழுக்க ஜெல்லான பின் உறைந்தால் வலை கிழியும். அந்தப் பதம் கைப்பழக்கத்தில் வருவது. பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பது போல. மைனஸ் 20 டிகிரியில் மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும், துளையும் பெரிதாகும். மைனஸ் 80-இல் வேகமாக உறைந்தால் துளை சிறுக்கும். கீழிருந்து மேலாக மட்டும் குளிர்வித்தால் துளைகள் ஒரே திசையில் நீளும். பிறகு வெற்றிடத்தில் உலர்த்தி, 40 டிகிரியில் சில நாள் வைத்து வலை இன்னும் இறுக விடுங்கள். கடைசியாகத் தூய நீரில் பலமுறை கழுவி மறுபடி உலர்த்துங்கள்.

நுரை எழுப்பித் துளை உண்டாக்கும் பழைய முறையில், ஜெல்லாவதை விரைவுபடுத்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் சேர்ப்பார்கள். அதைத் தொடாதீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். தோலில் பட்டால் முதலில் வலிக்காது. ஊடுருவி ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. வேறு வழியே இல்லாமல் பயன்படுத்தும் கூடத்தில் கால்சியம் குளூகோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கூடத்தில் அந்த வேலை நடக்கக் கூடாது.

நான்காம் படி: இணைந்ததா?

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. 37 டிகிரி நீரில் ஒரு துண்டைப் போடுங்கள். இணைப்பில்லாத ஜெலட்டின் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மறுநாளும் துண்டு வடிவம் மாறாமல் இருந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

அகச்சிவப்பு நிறமாலையில் (எண்கள் செ.மீ.⁻¹ அலகில்) 1080 அருகே சிலிக்கா வலையின் பட்டை, 1650, 1550 அருகே புரதத்தின் அமைடு பட்டைகள், 908 அருகே எப்பாக்சி தெரியும். எப்பாக்சி மறைந்துவிட்டது, ஆகவே இணைந்துவிட்டது என்று எழுதும் ஆய்வேடுகளை நிறையப் பார்க்கிறேன். அது போதாது. நீர் திறந்தாலும் எப்பாக்சி மறையும் என்று மேலே பார்த்தோம். சிலிக்கான் 29 திட நிலை என்.எம்.ஆர். வலை எவ்வளவு பின்னியிருக்கிறது என்று காட்டும்: டி.இ.ஓ.எஸ். சிலிக்கான் கியூ வரிசையிலும், இணைப்பானின் சிலிக்கான் டி வரிசையிலும் வரும். டி3, அதாவது மூன்று கைகளும் வலையில் சேர்ந்த நிலை, பெரும்பான்மையாக இருந்தால் இணைப்பானின் சிலேன் கைகள் வலையில் கோத்துக்கொண்டன. புரதப் பக்கத்தின் கைகோர்ப்பை அறிய இணைப்பானின் கார்பனைத் தனியே பார்க்க வேண்டும். அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. வேறு நிறுவனத்தின் உதவியைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

வெப்ப எடைப் பகுப்பாய்வில் 800 டிகிரி வரை எரித்தால் மிஞ்சுவது சிலிக்கா. நம் கணக்கில் மிச்சம் எவ்வளவு வர வேண்டும்? டி.இ.ஓ.எஸ்.-இலிருந்து 2 கிராம், இணைப்பானிலிருந்து 0.13 கிராம். மொத்தப் பொருள் 2 + 2 + 0.35 கிராம். ஆக, ஈரம் நீங்கலாக 49% அருகே வர வேண்டும். 35% வந்தால் சிலிக்கா எங்கோ கழுவிப் போயிருக்கிறது. இந்த எளிய கூட்டல் கழித்தலை முன்கூட்டியே போட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு காரணம் தேடினால் மனம் தனக்குப் பிடித்த காரணத்தைக் கண்டுபிடித்துவிடும்.

வலிமையை நனைந்த நிலையில், 37 டிகிரியில் மட்டுமே அளவிடுங்கள். உலர்ந்த ஜெலட்டின் கட்டை போல இருக்கும், நனைந்தால் ரப்பராகும். உலர்ந்த எண்ணை மட்டும் வெளியிடுவது மருத்துவருக்கு உதவாது.

ஐந்தாம் படி: ஒன்றாகக் கரைகின்றனவா?

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். துண்டுகளைத் தாங்கு கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) 37 டிகிரியில் வையுங்கள். 1, 3, 7, 14, 28 ஆம் நாட்களில் கரைசலை எடுத்து, ஒரே மாதிரியில் இரண்டு அளவுகளை எடுங்கள்: தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. கருவியில் சிலிக்கான், நிறமாற்றத்தை வைத்து அளக்கும் பி.சி.ஏ. முறையில் புரதம். மொத்தத்தில் எத்தனை விழுக்காடு வெளியேறியது என்று இரண்டு கோடுகளை ஒரே தாளில் வரையுங்கள்.

நல்ல ஹைப்ரிட்டில் இரண்டு கோடுகளும் அண்ணன் தம்பி போலச் சேர்ந்து நடக்கும். புரதக் கோடு மட்டும் முதல் வாரத்தில் மேலேறினால் இணைப்பு போதவில்லை. உள்ளே மிஞ்சுவது உடையும் சிலிக்கா ஓடு. சிலிக்கா மட்டும் முதல் நாளே கொட்டினால் வலை இன்னும் இறுகவில்லை. அப்போது இணைப்பானின் அளவுக்கோ இறுக்கும் நாட்களுக்கோ திரும்பப் போங்கள். மூன்றாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையே பத்துப் பதினைந்து முறை நடப்பது சாதாரணம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். உடலில் நொதிகளும் இருப்பதால், கொலாஜனைச் சிதைக்கும் கொலாஜனேஸ் நொதி சேர்த்த கரைசலிலும் ஒருமுறை செய்யுங்கள்.

ஆறாம் படி: அபடைட் படிகிறதா?

எலும்போடு ஒட்டும் பொருளின் மேல், உடல் திரவத்தில் எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சி அபடைட்டின் கார்பனேட் வடிவம் படியும். அதைக் குழாய்க்குள் பார்க்க ஜப்பானின் கொக்குபோ உருவாக்கியது போலி உடல் திரவம், எஸ்.பி.எஃப். 1 லிட்டருக்கான செய்முறை இது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் 700 மி.லி. தூய நீரை 36.5 டிகிரியில் வைத்து, கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில், ஒன்று முழுவதும் கரைந்த பின்னரே அடுத்ததைப் போடுங்கள்:

சோடியம் குளோரைடு 8.035 கிராம்
சோடியம் பைகார்பனேட் 0.355 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 0.225 கிராம்
டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், மூன்று நீர் கொண்டது 0.231 கிராம்
மக்னீசியம் குளோரைடு, ஆறு நீர் கொண்டது 0.311 கிராம்
1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 39 மி.லி.
கால்சியம் குளோரைடு 0.292 கிராம்
சோடியம் சல்பேட் 0.072 கிராம்
டிரிஸ் 6.118 கிராம்

பி.எச்.-ஐ நிலைநிறுத்தும் டிரிஸைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், பி.எச். 7.45-ஐத் தாண்டக் கூடாது. கடைசியில் 36.5 டிகிரியில் சரியாக 7.40-இல் நிறுத்தி, ஆறியதும் 1 லிட்டராக்குங்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, அதன் சுவரிலேயே அபடைட் படியத் தொடங்கும். கரைசல் கலங்கினால் சமரசம் வேண்டாம், கொட்டிவிடுங்கள். குளிர்பெட்டியில் 30 நாளுக்குள் பயன்படுத்துங்கள்.

அடர்ந்த தட்டாக இருந்தால், பரப்பளவைச் சதுர மில்லிமீட்டரில் எடுத்துப் பத்தால் வகுத்தால் வருவது தேவையான மி.லி. துளையுள்ள துண்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, 50 மி.லி.-க்கு 75 மில்லிகிராம் என்ற எடைக் கணக்கைக் கொள்ளுங்கள். எக்ஸ் கதிர் விளிம்பு விலகலில் 26, 32 டிகிரி அருகே அபடைட்டின் சிகரங்கள் எழும். 29.4 அருகே எழுவது கால்சைட். அதை அபடைட் என்று எண்ணிவிடாதீர்கள். மின்னணு நுண்ணோக்கியில் காலிஃபிளவர் போன்ற படம் வந்தால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கால்சியமற்ற ஹைப்ரிட்டில் படிவு மெதுவாகத்தான் நடக்கும். எஸ்.பி.எஃப்.-இல் நன்றாகப் படிந்தது உடலிலும் ஒட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இது ஒரு வடிகட்டி மட்டும்.

ஏழாம் படி: செல்கள்

ஐ.எஸ்.ஓ. 10993-இன் 5-ஆம் பகுதி செல் நச்சுத்தன்மைக்கு, 12-ஆம் பகுதி பொருளை ஊறவைத்துச் சாறு எடுக்கும் முறைக்கு. செல்களில் உயிரோடிருப்பவை ஒப்பீட்டின் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உண்டு என்று கொள்வார்கள். நச்சு தரும் ஒப்பீடும் நச்சற்ற ஒப்பீடும் இல்லாத முடிவுக்கு மதிப்பில்லை.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். கால்சியம் உள்ள பொருள் செல் வளர்ப்பு ஊடகத்தின் பி.எச்.-ஐ உயர்த்தும், செல் சாவது நச்சால் அல்ல, காரத்தால் இருக்கலாம். துண்டுகளை முன்னதாக ஊடகத்தில் ஊறவைத்து, பி.எச். அளந்து எழுதுங்கள். அடுத்தது அலிசரின் சிவப்பு. எலும்புக் கனிமம் உண்டாகிறதா என்று பார்க்கப் போடும் அந்தச் சாயம் பொருளில் இருக்கும் கால்சியத்தையும் சிவக்கச் செய்யும். செல் இல்லாத துண்டுக்கும் அதே சாயம் போட்டுப் பக்கத்தில் வைக்காத படத்தை நம்ப வேண்டாம்.

கரைந்து வெளிவரும் சிலிக்கானும் கால்சியமும் எலும்பு உருவாக்கும் செல்களின் மரபணுக்களைத் தூண்டுகின்றன என்று இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் 45எஸ்5 மேல் நடந்த ஆய்வுகள் காட்டின. ஐந்தாம் படியில் வரைந்த சிலிக்கான் கோட்டை இங்கே எடுத்து வைத்துப் பாருங்கள். எந்த நாளில் எவ்வளவு வெளிவந்தது, அன்று செல் என்ன செய்தது என்று சேர்த்துப் படித்தால்தான் பொருளும் உயிரும் பேசிக்கொள்வது புரியும்.

எட்டாம் படி: கிருமி நீக்கம், அதன்பின் எல்லாம் மறுபடியும்

121 டிகிரி நீராவியில் ஜெலட்டின் குலைந்துவிடும். எத்திலீன் ஆக்சைடு துளைக்குள் தங்கும். தங்கியது வெளியேறும்வரை காற்றாட வைத்து, மிச்சத்தை அளக்க வேண்டும். காமா கதிர் என்றால் வழக்கமான அளவு 25 கிலோகிரே. அது புரதச் சங்கிலிகளை அறுக்கலாம், புதிதாகவும் பிணைக்கலாம். எதைத் தேர்ந்தாலும், கிருமி நீக்கிய துண்டில் ஐந்தாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். நோயாளிக்குள் போவது அந்தத் துண்டுதான். கிருமி நீக்காத துண்டின் கோடுகளை வைத்துக்கொண்டு விலங்குச் சோதனைக்குப் போனவர்கள், பொருள் எதிர்பார்த்ததற்கு முன்பே கரைந்துபோனதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: விலங்கு, பிறகு மனிதர்

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. எண்ணிக்கையைப் புள்ளியியலாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். குறைவாக எடுத்து விடை கிடைக்காமல் போனால் அந்த உயிர்கள் வீண். எலியின் மண்டையோட்டில் தானாக ஆறாத அளவுக்கு வட்டக் குழி எடுப்பதும், முயலின் தொடை எலும்பு முனையில் வைப்பதும் வழக்கமான மாதிரிகள். காலி குழி ஒன்றும், ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருள் ஒன்றும் ஒப்பீட்டுக்கு வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இத்தகைய உயிரியல் மதிப்பீடுகளில் நெடுங்கால அனுபவம் உள்ள இடம். மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அத்தகையவர்களிடம் பேசுங்கள்.

இந்தியாவில் மருத்துவச் சாதன விதிகள், 2017 என்பது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சாதனங்களை அபாயத்தின்படி ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறது. உடலுக்குள் கரைந்து மறையும் உள்வைப்பு உச்சமான டி வகுப்பில் வரும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, ஐ.எஸ்.ஓ. 13485 தர மேலாண்மை, ஐ.எஸ்.ஓ. 14971 அபாய மேலாண்மை எல்லாம் கேட்பார்கள். முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கியவர்கள் இந்த இடத்தில் மலைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மூன்றாண்டுக்கு முன் செய்த தொகுதியில் எந்த ஜெலட்டின், எந்தப் புட்டி டி.இ.ஓ.எஸ். என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் தொகுதியிலிருந்தே இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு எண். மூலப்பொருளின் தொகுதி எண்கள், எடைகள், பி.எச்., அன்றைய அறை வெப்பம், ஈரப்பதம், தேன் பதத்துக்கு வர எடுத்த நிமிடங்கள், செய்தவர் கையெழுத்து. சென்னையின் நவம்பர் ஈரத்தில் வந்த பதம் மே மாதத்தில் வராது. குறித்து வைத்தவருக்குத்தான் காரணம் புரியும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்து துண்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலனில் முத்திரையிட்டு வையுங்கள். அந்த உறையின் மேல் எண்ணையும் தேதியையும் எழுதி, சிலிக்கானும் புரதமும் கரைந்த இரண்டு கோடுகளின் சிறு அச்சையும் ஒட்டிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேறொரு மாணவர் அந்தக் கலனைத் திறப்பார். கையில் இருக்கும் துண்டு எப்படிக் கரையும் என்று அவருக்கு யாரையும் கேட்காமல் தெரிந்துவிடும்.